சக்கரம் வைத்த நாற்காலி

இந்த நாற்காலியில் குறை ஒன்றும் இல்லை, சார். எனக்குத்தான் உட்கார வராது. நீங்கள் அனுமதித்தால் இந்த ஜன்னலுக்கும் அந்தப் பீரோவுக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்கிறேன். எழுதுகிறவருக்குச் சிரமம் இருக்காது. நடந்துகொண்டே பேசித்தான் எனக்குப் பழக்கம். பிடித்து உட்கார வைத்துக் கேட்டால் முன்னுக்குப் பின் முரணாகத்தான் வரும்.

என் தொழிலைச் சுற்றுலா வழிகாட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் ஆட்களைக் கடைக்குள் தள்ளிவிட்டு வாசலில் பல் குத்திக்கொண்டு நிற்கிற ரகம் இல்லை நான். எங்களுடையது கல்விப் பயணம். ஒரு காலத்தில் உப்பும் துணியும் செம்பும் சுமந்து மிருகங்கள் நடந்த பாதையில் எங்கள் பேருந்து போகும். வருகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போதுதான் மூச்சுவிடுகிற தம்பதிகள். சுங்கம் வாங்கிய இடத்தில் இறங்குவோம். வியாபாரிகள் தங்கிய சத்திரம் இருந்த இடத்தில் இறங்குவோம். அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இடிந்த சுவர், கொஞ்சம் முள், ஒரு அறிவிப்புப் பலகை. நான் பேச ஆரம்பித்தால் அந்தக் காலி இடத்தில் கூட்டம் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதுதான் வேலை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அம்மா போன பிறகு அக்காதான் வளர்த்தாள். அவள் வேலைக்குப் போகும்போது நான் தெருவில் ஓடிவிடுவேன் என்று பயந்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு வேறு வழி இல்லை. நான் கதவைத் தட்டுவேன். தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கையும் மரத்துப்போகும், மனசும் அடங்கிவிடும். அடைபட்டுக் கிடப்பது யாரும் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. இதை அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனாள். அத்தான் முகம் சுளிக்கவில்லை. மாடியில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார். அவர் ஆரம்பித்த பயணக் கம்பெனியில் எனக்கு வேலை கொடுத்தார். அந்த அறையில் என் பெட்டியை நான் ஒருநாளும் முழுதாகக் காலி செய்தது கிடையாது. துணி துவைத்து வந்ததும் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போகும். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் தங்குகிற நாட்களில் நான் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பேன். அத்தான் படித்துக்கொண்டிருக்கும் பேப்பரைத் தாழ்த்தி, "மச்சான், படி தேயுது" என்பார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

அத்தானைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்கு அழைப்பு மணி பிடிக்காது. அது காதைக் குத்துகிறது என்பார். வீட்டுக்கு வந்தால் கதவில் விரல் மடக்கி வேகமாக இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அலுவலகத்தில் மேசையிலும் அப்படித்தான். அந்தத் தட்டு கேட்டால் அக்கா கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்த் திறப்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் குழுவில் தலையை எண்ணும் வழக்கம் கிடையாது. அது நான் கொண்டுவந்த முறை. வயதானவர்களை ஆடுமாடு மாதிரி விரல் நீட்டி எண்ணினால் அவர்களுக்கு உள்ளுக்குள் வலிக்கும். அதனால் முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஒரு துணை சேர்த்துவிடுவேன். தம்பதியாகவே வந்தாலும் பிரித்து வேறு ஆளோடுதான் சேர்ப்பேன், அப்போதுதான் பேச்சு நடக்கும். பேருந்து கிளம்புமுன் நான் கதவருகே நின்று "துணை?" என்று கேட்பேன். எல்லோரும் தங்கள் துணையைத் திரும்பிப் பார்த்துவிட்டு "இருக்கு" என்பார்கள். ஒற்றையாக மிஞ்சுகிறவருக்கு நான் துணை. நானும் என் துணையைப் பார்த்துவிட்டு "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். இத்தனை வருடத்தில் இந்த முறை ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன்.

போன பருவம் முடிந்த கையோடு அத்தான் என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு இடத்திலும் நான் பேசுவதையெல்லாம் அப்படியே பேசச் சொல்லிப் பதிவு செய்தார். விளம்பரத்துக்கு என்றார். நானும் நம்பி, தொண்டை கட்டும்வரை பேசினேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விஷயத்தை உடைத்தார்.

"இனிமே நீ வெயில்ல அலைய வேண்டாம், மச்சான். உன் குரல் எங்கிட்ட இருக்கு, அது போதும். ஒவ்வொரு இடத்துலயும் சுவத்துல ஒரு எண் தகடு ஒட்டிடுவோம். வர்றவங்க கையில ஒரு கருவி. அந்த எண்ணை அமுக்கினா நீ பேசுவ. நீ பாட்டுக்கு ஆபீஸ்ல உக்காந்து நிர்வாகத்தப் பாரு."

"ஒரு இடமா இருந்தாத்தானேடா ஒருத்தி உன்னைக் கட்டிக்க வருவா" என்றாள் அக்கா. "வாசல்ல பெட்டியோட நிக்கிறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? நான்தான் இவர்கிட்டச் சொன்னேன்."

"நாற்காலிகூட வந்தாச்சு" என்றார் அத்தான். "சக்கரம் வச்சதாப் பாத்து வாங்கியிருக்கேன். உனக்குத்தான் கால்ல சக்கரமாச்சே."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான் அது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் போய் அந்த அறையைப் பார்த்தேன். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்து காலால் தள்ளினேன். மேசையிலிருந்து சுவர்வரை உருண்டது. சுவரிலிருந்து மேசைவரை உருண்டது. அவ்வளவுதான் அந்தச் சக்கரத்துக்கு இருந்த ஊர். எனக்குப் பயமாக இருந்தது, சார். சாவுக்கு அப்படிப் பயந்திருப்பேனா என்று தெரியாது. வெளியே கணக்கெழுதுகிற பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக் கைகாட்டினாள். நானும் கைகாட்டினேன்.

ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று கேட்டீர்கள். யாரிடம் சொல்வது? அவர்கள் இருவரும் எனக்கு நல்லதுதானே செய்தார்கள். கெட்டது செய்கிறவரிடம் சண்டை போடலாம். தட்டில் பரிமாறி, தலையையும் தடவிக்கொடுப்பவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

கடைசிப் பயணத்தில் அத்தானும் வந்தார், தகடு ஒட்ட. கையகலத் தகடுகள், ஒரு பசை டப்பா, ஒரு சின்னச் சுத்தியல். நான் ஓரிடத்தில் பேசி முடித்து ஆட்கள் கலைந்ததும் அவர் போய்ச் சுவரில் தகட்டை வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, தள்ளி நின்று அழகு பார்ப்பார். ஒவ்வொரு தகடு ஒட்டும்போதும் அந்த இடம் என்னை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. அடுத்த முறை இங்கே நான் பேசுவேன், ஆனால் வரமாட்டேன். வண்டி ஓடும்போதும் என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை. இருக்கைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். "தம்பி, நீங்க பஸ்லயே பாதி தூரம் நடந்துட்டீங்க" என்று எங்கள் குழுவில் இருந்த ஒரு தலைமையாசிரியை அம்மா கேலி செய்தார். ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்துகொள்வார்.

குழுவில் ஆட்கள் சரியாக ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர் அத்தான். அதனால் அவருக்கு நான் துணை.

நிலத்தடித் தொட்டியை நீங்கள் போய்ப் பார்த்துவிட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். பிரதான சாலையிலிருந்து விலகி, சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாத வெளி. மழைநீரைப் பிடித்துவைக்க அந்தக் காலத்தில் பாறையைக் குடைந்து செய்தது. இப்போது வறண்டுவிட்டது. படிகள் வளைந்து வளைந்து கீழே போகும். அடியில் தொல்லியல் துறை போட்ட இரும்புக் கதவு. குழு வந்தால்தான் திறப்பார்கள், காவலாள் கிடையாது. துறை அலுவலகத்தில் இருக்கும் குமாஸ்தா எழுந்து வரச் சோம்பல்பட்டு ஒரு சாவியை என்னிடமே கொடுத்துவைத்திருந்தார். கடைசியாக வெளியே வருகிறவர் பூட்ட வேண்டும். கடைசியாக வருவது எப்போதும் நான்தான்.

அத்தான் அங்கிருந்து ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. மீதி இடங்களுக்குத் தகடு ஒட்டுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு ஜீப் சொல்லும் பொறுப்பு என்னுடையது. மதியச் சாப்பாட்டின்போதே எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டார். தலைமையாசிரியை அம்மாவிடம், "எங்க மச்சானப் பாத்துக்குங்கம்மா, கடைசிப் பயணம்" என்றார்.

தொட்டியில் நான் பேசி முடித்தேன். அவர் தகடு ஒட்டினார். எல்லோரும் மேலே ஏறினோம். அத்தானுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏறுவார். பாதிப் படியில் நின்று, "அத்தான், அந்தத் தகடு கோணலா இருக்கு" என்றேன். அவருக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். சலித்துக்கொள்ளவே இல்லை. பையைப் படியில் வைத்துவிட்டு, சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

முதல் நாள் விசாரணையில் பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டேன் என்று சொன்னேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கை தானாகத்தான் பூட்டியது. தகடு நேராகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பையைக் கதவுக்கு வெளியே ஓரமாக, விழாதபடி சாய்த்து வைத்தேன். உள்ளே கைப்பேசியும், வாய்வரை நிரப்பிய தண்ணீர்ப் புட்டியும் இருந்தன. எதையும் நான் தொடவில்லை. நீங்கள் எடுக்கும்போது எல்லாம் அப்படியே இருந்ததல்லவா.

மேலே வந்தேன். "துணை?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார்கள். தலைமையாசிரியை அம்மா மட்டும் விடவில்லை.

"உங்க துணை எங்க, தம்பி?"

"ஜீப் வந்துடுச்சும்மா. அந்தப் பக்க வழியா கிளம்பிட்டாரு."

ஜீப்காரரை அழைத்து வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். காலையிலேயே சொல்லிவிட்டேன். இதை அவரிடமே நீங்கள் விசாரித்திருப்பீர்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தொட்டியின் கூரையிலிருந்து தரைமட்டத்துக்கு ஒரு காற்றுத் துவாரம் உண்டு. பேருந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கம்பி போட்டு மூடியிருக்கும். அதன் வழியாக டண் டண் என்று வந்தது. கொஞ்சம் விட்டு, டண். இரும்பில் இரும்பு படுகிற சத்தம். கூடவே காற்று மாதிரி ஒரு முனகல். ஏறியவர்களில் பாதிப்பேர் இறங்கி வந்துவிட்டார்கள்.

"என்னங்க தம்பி அது?"

இத்தனை வருடமாக என்னிடம் எதைக் கேட்டாலும் பதில் வந்திருக்கிறது. அன்றும் வந்தது. வெயில் தாழும்போது கீழே பாறை குளிர்ந்து சுருங்கும், அது கதவை அழுத்துவதால் வருகிற சத்தம் என்றேன். கதவே இல்லாத காலத்தில் பாறை மட்டுமே இப்படி ஒலித்ததாகவும், அதைக் கேட்ட வியாபாரிகள், வழியில் தவறிப்போன மிருகங்களின் மணியோசை என்று நினைத்து, கிளம்புமுன் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள் என்றும் சொன்னேன். முழுவதும் அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. ஆனால் அவர்கள் நின்றார்கள், சார். தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தைச் சுற்றி, மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். ஒரு கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமையாசிரியை அம்மா குனிந்து கைப்பேசியைத் துவாரத்தருகே பிடித்துக்கொண்டிருந்தார். என் பேச்சை அதற்கு முன்னால் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்த இடங்களிலும் நான் பேசியதுபோல் எந்தப் பயணத்திலும் பேசியதில்லை. தகடு இல்லாத இடங்கள் அவை.

ஊர் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அத்தான் இன்னும் வரவில்லை என்றாள். ஜீப்பில் கிளம்பினாரே என்றேன், யாருடைய ஜீப் என்று சொல்லவில்லை. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். புகார் கொடுக்க நானும்தான் கூட வந்தேன். சாலை முழுக்க நீங்கள் தேடினீர்கள், நானும் தேடினேன். எனக்கு அலைச்சல் பிடிக்கும் என்பதால் மட்டும் இல்லை, அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் சாப்பிடவில்லை. அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டாள், அவர் வந்தால் தட்டுவார் என்று.

ஆறுதல் சொல்லத் தலைமையாசிரியை அம்மா வந்தார். அத்தானைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், அப்புறம் பேச்சை எப்படியாவது நல்லதற்குத் திருப்ப வேண்டும் என்று என்னைப் பற்றி ஆரம்பித்தார். "உங்க தம்பி என்ன அழகா விளக்கம் சொன்னாரு தெரியுமா? நீங்களே கேளுங்க." கைப்பேசியை எடுத்தார். நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். தடுத்திருக்கலாம். எப்படித் தடுப்பது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு வார்த்தை வரவில்லை.

டண் டண். டண்.

அக்கா எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நேராக வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே வெயில்தான் இருந்தது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, மிகவும் மரியாதையாக, "இன்னொரு தடவ போடுங்கம்மா" என்றாள். போட்டார். பாறை குளிர்ந்து கதவை அழுத்துகிறது என்று என் குரலும் அதில் வந்தது. அக்கா கைப்பேசியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதவ யாருடா பூட்டினது?"

"நான்தான்க்கா."

அவள் உங்களை அழைத்தாள். நீங்கள் வருகிறவரைக்கும் நான் எங்கும் போகவில்லை. படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அவசரப்பட வேண்டாம், இனி அவசரப்பட்டுப் பயனில்லை என்று அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் அழுதாள்.

இனி அவசரம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில், அதாவது மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள், பேருந்து அந்தப் பக்கமாகத்தான் வந்தது. ஓட்டுநர் டயரில் காற்றுப் பார்க்க வேண்டும் என்று பிரதான சாலையில் நிறுத்தினார். எல்லோரும் கால் நீட்டிக்கொள்ள இறங்கினார்கள். நான் மட்டும் அந்த வெட்டவெளியைக் கடந்து காற்றுத் துவாரத்துக்குப் போனேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. குனிந்து காது வைத்தேன். தட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுமாக இல்லை. ஒரு தட்டு, வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "மச்சான்" என்று கூப்பிட்டார். சந்தேகமாகக் கூப்பிடவில்லை. வந்துவிடுவேன் என்று தெரிந்தே இருந்தவர் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

நான் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தத் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். யார் குடைந்தது, எத்தனை தலைமுறை தண்ணீர் எடுத்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து மிருகங்கள் வந்து நிற்கும், எல்லாம், ஒரு வார்த்தை விடாமல். என் குரல் போதும் என்று அவர்தானே சொன்னார். பேசி முடித்தபோது கீழே சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன். அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

சாலையில் ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். அடுத்த ஊரில் சாப்பாடு சொல்லியிருந்தது, வயதானவர்கள் பசி தாங்கமாட்டார்கள். எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, வேகமாக நடந்து போனேன். கதவருகே நின்று "துணை?" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்து "இருக்கு" என்றார்கள்.

கொலை என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், சார், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும்போது கம்பெனியில் பார்ப்பார்கள். இத்தனை வருடப் பயணத்தில் என் குழுவில் ஒருவரைக்கூட நான் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.